மஸ்கட்டீன் நாட்குறிப்பு: பொத்தான் செய்த ஊர்

செப்டம்பர் 16, 2023, சனி

இந்த வாரம் முழுக்க முதல் ஷிஃப்ட். விடியுமுன் வண்டியை எடுத்தால் தெருவில் ஏற்கெனவே நாலைந்து பிக்கப் வண்டிகள் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொல்வார்கள். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமே கிடையாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கிழக்கு ஓரத்தில், மிசிசிப்பி ஆறு தெற்கே திரும்பும் வளைவில் இருக்கிறது மஸ்கட்டீன். மக்கள்தொகை 24,000-க்குச் சற்றுக் குறைவு. அதற்குள் எத்தனை வேலை! நான் பார்ப்பது அலுவலக மேசை, நாற்காலி செய்யும் தொழிற்சாலையில். எதிர்வீட்டு அம்மாவின் மகன் சோள ஆலையில். ஹைன்ஸ் நிறுவனம் 1893-லிருந்து இங்கே இருக்கிறது, தக்காளியைக் கெச்சப் ஆக்குகிறது. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் பேண்டாக் 1957-ல் தொடங்கியதும் இந்த ஊரில்தான்.

சந்தையில் முலாம்பழம் முடியப்போகிறது. ஊருக்குத் தெற்கே உள்ள மணல்பூமியில் விளைவது. மஸ்கட்டீன் முலாம்பழம் என்றால் அயோவா முழுக்கத் தெரியும். கடைசி இரண்டை வாங்கி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 23, சனி

முத்துப் பொத்தான் அருங்காட்சியகத்துக்குப் போனேன். உள்ளே நுழைந்தவள் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

பழைய சட்டைகளில் பளபளவென்று ஒரு வெள்ளைப் பொத்தான் இருக்குமே, அது ஆற்றுச் சிப்பியில் அறுத்தது. ஜான் பெப்பிள் என்ற ஜெர்மானியர், ஹாம்பர்க் பக்கத்தில் பொத்தான் கடைந்தவர், 1887-ல் அமெரிக்கா வந்தார். 1890-ல் மெக்கின்லி சட்டம் வெளிநாட்டுப் பொத்தான் மீது வரியை ஏற்றியது. அடுத்த வருஷமே அவர் மஸ்கட்டீனில் பட்டறை போட்டுவிட்டார். 1905-க்குள் இந்தச் சின்ன ஊர் வருஷத்துக்கு 150 கோடி பொத்தான் செய்தது. உலகத்தில் அப்போது செய்யப்பட்ட பொத்தான்களில் நூற்றுக்கு 37 இங்கே செய்தவை.

அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருந்த உடம்புழைப்பு என்னை விடவில்லை. ஆற்றில் தட்டைப் படகு. படகிலிருந்து ஒரு நீளக் கம்பி, அதில் வரிசையாகக் கயிறுகள், கயிறுகளில் கொக்கிகள். ஆற்றின் அடியில் சிப்பி வாயைத் திறந்தபடி கிடக்கும். கொக்கி பட்டதும் கவ்விக்கொள்ளும். கவ்வியதை விடாது, அப்படியே மேலே வந்துவிடும். கரையில் பெரிய தொட்டியில் வேகவைத்துச் சதையை எடுப்பார்கள். அதில் எப்போதாவது நிஜ முத்து அகப்பட்டால் அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு யோகம். ஓடுகளைத் தரம் பிரித்து, பட்டறைக்கு அனுப்பி, உடையாமல் அறுக்கவேண்டும் என்பதற்காகப் பல நாள் தண்ணீரில் ஊறப்போடுவார்கள்.

அறுக்கும் இயந்திரத்தின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். குழாய் மாதிரி ஒரு ரம்பம், வாயோரம் முழுக்கப் பல். வெட்டுக்காரர் இடுக்கியில் சிப்பியைப் பிடித்து, சுழலும் ரம்பத்தின் மேல் அழுத்துவார். சூடு ஏறாமலிருக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். ஒரு வில்லை கழன்று விழும். சிப்பியைக் கொஞ்சம் திருப்பி அடுத்த வில்லை. நாள் முழுக்க நின்ற இடத்தில், ஈரக் கையோடு. சிப்பியின் விளிம்பு கத்தி மாதிரி கிழிக்கும், அழுக்குத் தண்ணீரில் புண் சீழ் பிடிக்கும். தேய்க்கும் இடத்தில் தூசி நுரையீரலுக்குப் போகும். வில்லையில் குழி கடைந்து துளை போடும் இயந்திரங்களில் பெரும்பாலும் பெண்கள்.

காட்சிப் பெட்டியில் வைத்திருந்த ஒரு சிப்பியில் ஏழு வட்டத் துளைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நகத்தின் கனத்துக்குத்தான் ஓடு மிச்சம். ஒரு துளியும் வீணாக்காத கை அது. அறுத்தவர் பெயர் எங்கேயும் எழுதியில்லை.

செப்டம்பர் 27, புதன்

எதிர்வீட்டு அம்மாவிடம் அருங்காட்சியகம் போன கதையைச் சொன்னேன். அவருக்கு எண்பத்தெட்டு வயசு. "எங்க அம்மா ஏழு வயசுலேயே அட்டையில பட்டன் தைச்சவங்கம்மா" என்றார். பட்டறையிலிருந்து பொத்தானும் அட்டையும் வீட்டுக்கு வருமாம். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு, பாட்டி, அம்மா, சித்தி எல்லாரும் உட்கார்ந்து தைப்பார்களாம். கூலி அட்டைக் கணக்கில். "மேசைக்கு அடியில ஒண்ணு உருண்டு போனா, அதைத் தேடி எடுத்தப்புறம்தான் தூங்க விடுவாங்களாம். குறைஞ்சா காசைப் பிடிச்சிடுவாங்களே."

அக்டோபர் 7, சனி

மழை. நகர நூலகத்தில் உட்கார்ந்து 1911-ல் நடந்த பொத்தான் தொழிலாளர் போராட்டத்தைப் பற்றிப் படித்தேன்.

எல்லாம் பீஸ் ரேட். எண்ணிக்கைக்குத்தான் கூலி, எண்ணுகிறவர் முதலாளியின் ஆள். ஒரு குரோஸ் என்றால் 12 டஜன், 144. ஆனால் சேதாரம் என்று சொல்லி அதற்கு மேலும் எடுத்துக்கொண்டுதான் ஒரு குரோஸ் என்று எழுதினார்கள். கையைக் கிழித்துக்கொண்டு அறுத்தவனுக்கு, தான் அறுத்ததை எண்ணிப் பார்க்கும் உரிமைகூட இல்லை. எனக்கு இதுதான் மற்ற எல்லாக் கொடுமையையும்விடப் பெரியதாகப் படுகிறது. கூலி குறைவு என்றால் கேட்டுப் பார்க்கலாம். கணக்கே அவர்கள் கையில் என்றால் எதைக் கேட்பது?

தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்தார்கள். 1911 பிப்ரவரியில் முதலாளிகள் ஆலைக் கதவுகளைச் சாத்தினார்கள். ஊர் இரண்டுபட்டது, ஆளுநர் கரோல் துருப்புகளை அனுப்பும் அளவுக்குப் போனது.

அந்தக் கூட்டத்தில் பேர்ல் மெக்கில் என்றொரு பெண். 1894-ல் பிறந்தவள், பக்கத்துக் கிராமப்புறத்திலிருந்து வேலைக்கு வந்தவள். காசு சேர்த்துப் படித்து ஆசிரியை ஆகவேண்டும் என்பது அவள் கனவு. பதினாறு, பதினேழு வயசில் சங்க மேடையில் ஏறினாள். வேலைநிறுத்தக்காரர்களுக்கு நிதி திரட்ட வெளியூர்களுக்குப் போனாள். 1912-ல் மாசசூசெட்ஸில் லாரன்ஸ் நகர நெசவாலைப் போராட்டம் நடந்தபோது அங்கேயும் நின்றாள். மஸ்கட்டீன் சங்கம் கடைசியில் ஒடுங்கிப்போனது. அவள் அயோவாவுக்குத் திரும்பி ஆசிரியையும் ஆனாள். 1924-ல், விவாகரத்தான கணவனே அவளைச் சுட்டுக் கொன்றான். முப்பது வயசுகூட முழுசாக வாழவில்லை. படித்துவிட்டு வெகுநேரம் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

இந்த ஊர்க் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் அவள் பெயர் தெரியவேண்டும். முதலாளிகளின் பெயரைச் சொல்லத் தெருவும் கட்டடமும் எப்படியும் இருக்கும்.

அக்டோபர் 15, ஞாயிறு

கிரீன்வுட் கல்லறைத் தோட்டம். அலெக்ஸாண்டர் கிளார்க் இங்கேதான் இருக்கிறார். 1842-ல் பதினாறு வயசில் இந்த ஊருக்கு வந்த கறுப்பினத்தவர். முடிதிருத்தும் கடை வைத்தார், நீராவிப் படகுகளுக்கு விறகு விற்றார். 1867-ல் மகள் சூசனை அருகிலிருந்த பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். வழக்குப் போட்டார். 1868-ல் அயோவா உச்ச நீதிமன்றம், நிறத்தைக் காட்டிப் பிள்ளையை ஒதுக்கக் கூடாது என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதே முடிவுக்கு வந்து சேர 1954 ஆயிற்று. ஐம்பது வயசுக்கு மேல் சட்டம் படித்துப் பட்டம் வாங்கி, 1890-ல் லைபீரியாவுக்கு அமெரிக்கத் தூதராகப் போனார், அங்கேயே இறந்தார். ஊரின் இடைநிலைப் பள்ளிக்கு இப்போது சூசன் கிளார்க் பெயர்.

அக்டோபர் 22, ஞாயிறு

எதிர்வீட்டு அம்மாவுக்கு டியூலிப் கிழங்கு நட்டுக் கொடுத்தேன். நாலு விரற்கடை தோண்டியதும் மண்வெட்டி டக்கென்றது. வட்ட வட்டமாகத் துளை போட்ட சிப்பி. இன்னும் தோண்டினால் இன்னும் வருகிறது. அறுத்து மிஞ்சிய ஓடுகளையெல்லாம் அந்தக் காலத்தில் பள்ளம் நிரப்பவும் பாதை போடவும் கொட்டினார்களாம். இந்தப் பக்கம் பல வீட்டுத் தோட்டங்களில் அகப்படும் என்றார்.

இவ்வளவு அள்ளினால் ஆறு எத்தனை நாள் தாங்கும்? சிப்பி அருகியபிறகுதான் அரசுக்கு விழிப்பு வந்து, ஊருக்குக் கிழக்கே ஃபேர்போர்ட்டில் ஆராய்ச்சி நிலையம் கட்டியது. சிப்பிக் குஞ்சு தானாக வளராது; மீனின் செவுளைப் பற்றிக்கொண்டு கொஞ்ச நாள் இருந்துவிட்டுத்தான் ஆற்றடிக்கு இறங்கும். அதனால் மீனைப் பிடித்து, குஞ்சுகளை அதன் செவுளில் ஒட்டவைத்து மறுபடி ஆற்றில் விட்டார்கள். பெப்பிளே அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சிப்பி ஒன்று காலைக் கிழித்து, அந்தப் புண் விஷமாகி, 1912-ல் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் பிளாஸ்டிக் வந்தது, ஜிப் வந்தது, துணி துவைக்கும் இயந்திரமும் கடுஞ்சோப்பும் வந்தன. 1960-களோடு முத்துப் பொத்தான் தொழிலின் கதை முடிந்தது.

மஸ்கட்டீனில் முதன்முதலாகக் கண்டெடுத்த சிப்பி இனம் ஒன்று உண்டு, பெயர் 'ஹிகின்ஸ் ஐ' (ஹிகின்ஸின் கண்). 1976-லிருந்து அது அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில். பண்ணையில் அதே மீன் உத்தியால் வளர்த்து, இப்போதும் ஆற்றில் விடுகிறார்கள். ஊர் எடுத்ததைக் கொஞ்சமாவது திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று நினைக்க ஆறுதலாக இருக்கிறது.

அக்டோபர் 26, வியாழன்

மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் எதிர்வீட்டுக்குத்தான் போனேன். உங்கள் அம்மா சொன்னதையெல்லாம் பதிவு செய்து வைத்தால் என்ன என்று கேட்டேன். "தைச்ச கதையை யாரும்மா கேப்பாங்க?" என்றார். முதலாளிகளின் கணக்குப் புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன, தைத்தவர்கள் சொன்னதுதான் கொஞ்சம்கூட இல்லை என்றேன். யோசித்தார். பிறகு தங்கையையும் கூப்பிடட்டுமா என்று அவரே கேட்டார்; தங்கைக்குக் கூலி விவரமெல்லாம் நன்றாக ஞாபகமாம்.

சனிக்கிழமை ஓவர்டைமை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். காலை பத்து மணிக்கு, அவர் வீட்டுச் சமையலறை மேசையில். ஒரு அட்டைக்கு எத்தனை பொத்தான், என்ன கூலி, எண்ணியது யார் என்பதிலிருந்து தொடங்கப்போகிறேன்.