ஓட்டு இல்லாதவனின் ஸ்கோர் அட்டை

மார்ச் 18, 2008, செவ்வாய்

ஒபாமா இன்று பிலடெல்பியா அரசியல் சாசன மையத்தில் பேசினார். அவருடைய பாதிரியாரின் பழைய பிரசங்கங்களை டிவிக்காரர்கள் ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்க, மனிதர் மழுப்பாமல் நேராக நிறவெறியைப் பற்றியே பேசிவிட்டார். தெருவில் கறுப்பு ஆண்களைக் கண்டு பயந்த தன் வெள்ளைக்காரப் பாட்டியையும் விடவில்லை. பாட்டியை மேடைக்கு இழுத்திருக்க வேண்டாம் என்றாள் மனைவி. எனக்கு அதுதான் பேச்சிலேயே உண்மையான இடமாகப் பட்டது.

எக்ஸ்டனில் எங்கள் தெருவில் இப்போது எல்லாரும் கட்சி மாறுகிறார்கள். இந்தப் பென்சில்வேனியா மாநிலத்தில் அந்தந்தக் கட்சியில் பதிந்தவர்தான் அந்தக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். 24ஆம் தேதி கடைசி நாள். ரிபப்ளிகன் பக்கம் மெக்கெய்ன் முடிவாகிவிட்டதால் அங்கிருந்தும் ஆட்கள் ஒபாமாவும் ஹில்லாரியும் மோதும் டெமாக்ரட் பக்கம் தாவுகிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. எச்1பி விசாவும் பச்சை அட்டை வரிசையும்தான் என் கட்சி.

மார்ச் 31, திங்கள்

பிலடெல்பியாவின் பேஸ்பால் அணி ஃபில்லீஸுக்கு 162 ஆட்டச் சீசனின் முதல் ஆட்டம். வாஷிங்டன் நேஷனல்ஸிடம் 11–6 தோல்வி. எதிர்வீட்டுப் பெரியவர் வேலியருகே நின்று, "162இல் ஒன்று போச்சு" என்றார், பஸ்ஸை விட்டவர் மாதிரி.

கோட்ஸ்வில் எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எனக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்த குரு. ஃபில்லீஸ் போன வருஷம்தான் தங்கள் 10,000ஆவது தோல்வியைத் தொட்டார்கள். அமெரிக்காவில் வேறெந்தத் தொழில்முறை அணியும் அந்தச் சிகரத்தை எட்டியதில்லை. இத்தனை வருஷத்தில் பேஸ்பாலின் இறுதிப் பட்டமான வேர்ல்ட் சீரிஸை வென்றது ஒரே ஒரு முறை, 1980இல். ஆனால் போன செப்டம்பரில் 17 ஆட்டங்களே மிச்சமிருக்க ஏழு ஆட்டம் முன்னால் இருந்த மெட்ஸ் அணி சரிந்து விழ, நம்மவர்கள் கடைசி நாளில் தங்கள் பிரிவின் முதலிடத்தைத் தட்டிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்துதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது.

சனிக்கிழமை அல்டூனாவில் ஒபாமா பௌலிங் உருட்டி 37 புள்ளி எடுத்தாராம். முழுப் புள்ளி 300. பெரியவருக்கு அந்த 37ஐயும் இந்தத் தோல்வியையும் ஒரே நாளில் ஜீரணிக்க முடியவில்லை. அவர் ஹில்லாரி கட்சி. "ஸ்க்ரான்டன்காரர் மகள்" என்பது ஒரு காரணம். மீதியை நான் கேட்பதில்லை.

ஏப்ரல் 12, சனி

சான்பிரான்சிஸ்கோவில் பணக்காரர்கள் கூடிய நிதி திரட்டும் கூட்டத்தில், வேலை போன சிற்றூர் மக்கள் கசந்துபோய் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்று ஒபாமா சொன்னது வெளியே வந்துவிட்டது. டிவியில் இதே பேச்சு.

பெரியவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சர்ச்சுக்கும் போறேன், மான் வேட்டைக்கும் போறேன். கசப்பு இருக்கு, இல்லேன்னு சொல்லலை. ஆனா அது 1964இல வந்தது."

1964 என்றால் இந்த ஊரில் கெட்ட வார்த்தை. ஃபில்லீஸுக்கு 12 ஆட்டம் மிச்சம், ஆறரை ஆட்டம் முன்னிலை, வேர்ல்ட் சீரிஸ் டிக்கெட்டே அச்சாகிவிட்டது. அப்புறம் தொடர்ந்து பத்து தோல்வி.

ஏப்ரல் 18, வெள்ளி

ஆர்5 ரயில் பிடித்து மார்க்கெட் ஈஸ்டில் இறங்கி, சுதந்திர மண்டபத்துக்கு எதிரே உள்ள புல்வெளிக்குப் போனேன். 35,000 பேர் என்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்ற பெண்ணின் ஃபில்லீஸ் தொப்பியும், அப்பன் தோளில் தூங்கிவிட்ட குழந்தையின் ஒற்றைச் செருப்பும்தான். ஒபாமா தூரத்தில் விரல்கடை உயரத்தில் தெரிந்தார். குரல் மட்டும் பக்கத்தில் கேட்டது. அதே நேரம் நகரின் தெற்கே மெட்ஸுடன் ஆட்டம். பக்கத்தில் நின்றவர் காதில் ரேடியோவைச் செருகிக்கொண்டு, கைதட்ட வேண்டிய இடத்தில் முகம் சுளித்தார்.

வீட்டுக்கு வந்தால் தம்பியிடமிருந்து போன். பெங்களூரில் ஐபிஎல் என்று புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறார்களாம். முதல் ஆட்டத்திலேயே மெக்கல்லம் 158 நாட் அவுட். சிரிப்பு வந்துவிட்டது. செவ்வாயன்று இந்த மாநிலத்தில் பங்கு போடப்போகும் டெலிகேட்களும், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளும், 158தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஹில்லாரி ஜெயித்தார், ஒன்பது புள்ளி வித்தியாசத்தில். பெரியவர் காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு, சட்டையில் ஸ்டிக்கரோடு வந்து நின்றார். கோவில் பிரசாதம் மாதிரி அதைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது எனக்கு. ஃபில்லீஸ் வீரர் அட்லி நேற்றோடு தொடர்ந்து ஐந்து ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்துவிட்டார் என்று பேச்சை மாற்றினேன்.

மே 6, செவ்வாய்

வட கரோலினா ஒபாமாவுக்கு, பெரிய வித்தியாசத்தில். இந்தியானா ஹில்லாரிக்கு, மயிரிழையில்.

மனைவிக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. "ஏங்க, பென்சில்வேனியாவுல அந்தம்மாதானே ஜெயிச்சாங்க?" ஜெயித்தார், ஆனால் டெலிகேட்களை ஓட்டு விகிதத்தில் பிரிப்பதால் கிடைத்தது 85க்கு 73. ஆறு வாரம் ஊர் ஊராகச் சுற்றிச் சம்பாதித்தது 12. இன்று ஒரே ராத்திரியில் அது கரைந்துவிட்டது. பேஸ்பாலில் மேஜிக் நம்பர் என்பார்கள்: முன்னால் இருப்பவர் ஜெயித்தாலும் குறையும், பின்னால் வருபவர் தோற்றாலும் குறையும். ஹில்லாரி இன்று தோற்கக்கூட வேண்டாம், கொஞ்சமாக ஜெயித்தாலே ஒபாமாவின் எண் இறங்குகிறது. "நெட் ரன் ரேட் மாதிரியா?" என்றாள். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பெரியவருக்கு இந்தக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் "சூப்பர் டெலிகேட் இருக்காங்களே" என்கிறார்; ஓட்டு விகிதத்துக்குக் கட்டுப்படாமல் இஷ்டப்பட்டவரை ஆதரிக்கக்கூடிய கட்சிக்காரர்கள் அவர்கள். 1964ஐப் பார்த்தவருக்கு எந்த முன்னிலையிலும் நம்பிக்கை கிடையாது, எதிராளியின் முன்னிலையில்கூட.

ஜூன் 3, செவ்வாய்

முடிந்தது. வேட்பாளராகத் தேவையான 2,118 டெலிகேட்களைத் தாண்டிவிட்டார் ஒபாமா. பெரியவர் புல்வெளியில் ஹில்லாரி பலகை இன்னும் நிற்கிறது; சுற்றிப் புல்லை மட்டும் ஒழுங்காக வெட்டியிருக்கிறார். ஃபில்லீஸ் பிரிவில் முதலிடம். இரண்டைப் பற்றியும் இன்று பேசிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 29, புதன்

கிட்டத்தட்ட ஐந்து மாதம் எழுதவில்லை. ஆபீஸில் ஆட்குறைப்பு, தூக்கம் இல்லை. வேலை தப்பியது.

திங்களன்று வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாவது ஆட்டம் ஆறாவது இன்னிங்ஸின் நடுவில் மழையால் நின்றுபோனது, 2–2. இன்று மிச்சம். எட்டு மணிக்கு ஒபாமா அரை மணி நேரம் டிவியை விலைக்கு வாங்கிவிட்டார். அவர் பேசி முடித்து 8.37க்குத்தான் ஆட்டம். பெரியவர் வீட்டுச் சோபாவில் நானும் மனைவியும். "எட்டு மாசமா காக்க வெச்சான், இன்னும் அரை மணியா?" என்று முனகினார். ஃபில்லீஸோடு மோதும் ரேஸ் அணி ஆட்டக்காரர்கள் சிலர் தாம்பாவில் ஒபாமாவோடு மேடையேறியதையும் அவர் மறக்கவில்லை. ஆனால் முழுப் பேச்சையும் கேட்டார், சத்தத்தைக் குறைக்காமல்.

ஆட்டம் ஆரம்பித்ததும் டிவி சத்தத்தை அணைத்துவிட்டு ரேடியோவைப் போட்டார். 1980இல் உள்ளூர் வர்ணனையாளர்களை வேர்ல்ட் சீரிஸுக்கு விடவில்லை. ஹாரி கேலஸின் குரலில் அந்த வெற்றியை நேரடியாகக் கேட்காத குறை இவருக்கு 28 வருஷமாக உண்டு.

ஒன்பதாவது இன்னிங்ஸ், நம்மவர்கள் 4–3 முன்னிலை, நம் லிட்ஜ் பந்து வீசுகிறார். ரேடியோ டிவியைவிடச் சில நொடி முந்திப்போகும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. கேலஸ் கத்திவிட்டார். டிவியில் ரேஸ் அணியின் ஹின்ஸ்கி இன்னும் மட்டையோடு பந்துக்குக் காத்துக்கொண்டிருந்தார். பெரியவர் டிவியைப் பார்த்து, "வேண்டாம், வீசாதே" என்றார்.