பழைய லோடு வேனா? முதலில் அடியில் படுத்துப் பாருங்கள்

சென்னையில் பழைய லோடு வேன் பார்க்கப் போகிறவர்கள் போனதும் இன்ஜினைத்தான் ஸ்டார்ட் பண்ணச் சொல்கிறார்கள். இன்ஜின் வேலைக்கு ஊரில் ஆள் இருக்கிறது, புதுப்பேட்டையில் பார்ட்ஸும் கிடைக்கும். துருப்பிடித்த அடிப்பாகத்தைத் தேற்றுவதுதான் கஷ்டம். அதனால் முதல் கேள்வி, இந்த வண்டி இதுவரை என்ன லோடு அடித்தது என்பதே.

காசிமேட்டுக்கு மீன் லோடு ஓடிய வண்டியில் ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் ஃப்ளோர் தகட்டின் மடிப்புகளில் தேங்கி, அடியிலிருந்து அரிக்கும். மேலே புது மேட், புது பெயின்ட் பளபளக்கும். மேட்டைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், ஓட்டையை மறைக்க பட்டி (புட்டி) பூசிய இடம் மொத்தென்று கேட்கும். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் பிராக்கெட்டைச் சுற்றி டார்ச் அடியுங்கள். அங்கே பிறகு செய்த வெல்டிங் தடம் தெரிந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

குட்டி யானை (டாடா ஏஸ்) மாதிரி பட்டை ஸ்பிரிங் வண்டியில் பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாக ஒன்று செருகியிருந்தால் ஓவர்லோடு அடித்த வண்டி என்று அர்த்தம். பின் ஆக்சில் ஹவுசிங், பேரிங், கிளட்ச் எல்லாமே அந்தச் சுமையைத் தாங்கியிருக்கும்.

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கி எழுந்த வண்டிகளும் கை மாறுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சேற்றுக் கறை அங்கேதான் மிச்சமிருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் கனெக்டரைக் கழற்றினால் பச்சை பூத்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இன்ஜினை ஆறிய நிலையில்தான் பார்க்க வேண்டும். மாருதி ஈக்கோவில் அது முன் சீட்டுக்கு அடியில் இருக்கும், சீட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், புகை குப்குப்பென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். மூடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம் வைக்கலாம். ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் போய்விட்டது.

எந்த வண்டி என்பதை உங்கள் லோடுதான் முடிவு செய்ய வேண்டும். ஆர்சியில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்து, டிரைவர், உதவியாள் எடையையும் கழியுங்கள். மிச்சம்தான் உங்கள் லோடு. 20 லிட்டர் தண்ணீர் கேன் 40 ஏற்றினால் தண்ணீர் மட்டுமே 800 கிலோ. துணி, பேக்கரி, கூரியர் சரக்குக்கு எடையைவிட இடம்தான் முக்கியம், மூடிய வேனே போதும். சிஎன்ஜி வண்டி என்றால் சிலிண்டரின் டெஸ்ட் தேதியைப் பாருங்கள். 3 வருஷத்துக்கு ஒரு முறை டெஸ்ட் செய்ய வேண்டும்.

மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டாம், ஆனால் எஃப்சி (தகுதிச் சான்று) வேண்டும். வண்டிக்கு 8 வருஷம் ஆகும் வரை 2 வருஷத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருஷா வருஷம். ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் ஃபைனான்ஸ்காரர் தரும் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே முழுப் பணம் கொடுங்கள்.