லுவார் ஆற்றுப் பாலமும் நாவற்குழிப் பாலமும்

பாரிசுக்கு வந்த புதிதில் பிரெஞ்ச் என் காதில் பிடிபடவேயில்லை. எந்தச் சொல் எங்கே முடிகிறது என்று பிரித்தறிய முடியாது. பிடிபட வைத்தது பாட்டுத்தான். மகள் பியானோ பழகிய நகரசபை இசைப்பள்ளியில் மாணவர் கச்சேரிகள் இலவசம். 'மெலோடி' என்று இவர்கள் சொல்லும் பாட்டுகளை அங்கேதான் கேட்டேன். வெர்லேன், போத்லேர் போன்றவர்களின் கவிதை, ஒரு குரல், ஒரு பியானோ, அவ்வளவுதான். பேச்சில் விழுங்கிவிடும் சொல்லிறுதி உயிர்கூட, பிரெஞ்ச் இசையமைப்பாளர் ஃபோரேயின் பாட்டில் தனிச் சுரம் பெற்று ஒலிக்கும். அந்த நிதானத்தில்தான் பிரெஞ்ச் எனக்குச் சொல் சொல்லாகக் கேட்கத் தொடங்கியது.

என்னை உலுக்கியது, கவிஞர் லூயி அரகோனின் கவிதைக்கு இசையமைப்பாளர் புலாங்க் 1943இல் மெட்டமைத்த 'சே' (பிரெஞ்சில் C என்ற எழுத்தின் பெயர்). மொத்தம் 18 வரிகள், எல்லாமே 'சே' என்ற ஒலியில் முடியும். எதுகை மோனையோடு வளர்ந்த எங்களுக்கு அந்த இயைபு உடனே ஒட்டிக்கொள்ளும்.

1940 ஜூனில் ஜெர்மன் படை நெருங்க, இலட்சக்கணக்கான சனம் தெற்கே ஓடியது. அவர்கள் லுவார் ஆற்றைக் கடந்த இடங்களில் ஒன்று, ஆன்ஜே நகருக்குப் பக்கத்தில் உள்ள லெ போன் த சே, அதாவது 'சே பாலங்கள்' என்ற ஊர். அந்தப் பாலங்களைக் கடந்தேன் என்றுதான் கவிதை தொடங்குகிறது, முடிவதும் அப்படியே. நடுவில் பழங்கதைப் பாட்டொன்றின் காயம்பட்ட வீரன், அகழியில் அன்னங்கள். பிறகு கவிழ்ந்த வாகனங்கள், சரியாகத் துடைக்காத கண்ணீர். கைவிடப்பட்ட பிரான்சை விளிக்கும் இடத்தில் குரல் உச்சிக்கு ஏறும். ஆனால் ஓங்கிப் பாடக் கூடாது, மிக மென்மையாகத் தொட வேண்டும். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் கிடந்த பாரிசிலேயே, 1943 டிசம்பரில், பாடகர் பெர்னாக் பாட, புலாங்க் பியானோ வாசிக்க, இது மேடையேறியது. என்ன துணிச்சல்!

1995 ஒக்டோபர் 30 இரவு, இலங்கை இராணுவம் நெருங்க யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி, நாவற்குழிப் பாலத்தைக் கடந்த சனத்துக்குள் நானும் இருந்தேன். மழை, இருட்டு, சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை. யாழ்ப்பாண நகரம் இருக்கும் வலிகாமப் பகுதியே பாலத்துக்கு அப்பால் தென்மராட்சிக்கு நகர்ந்த இரவு அது.

எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் இருந்த மூதாட்டி, 1940இல் சிறுபிள்ளையாகத் தாயோடு ஓடியவர். அதுவரை எங்களுக்குள் 'போன்ஜூர் மதாம்' மட்டும்தான். இந்தப் பாட்டைப் பற்றிக் கேட்டதும் உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னார். தன் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, என்னென்ன எடுத்துக்கொண்டு போனீர்கள், வீட்டைப் பூட்டினீர்களா, பாலத்தில் நெரிசலா என்று என்னையும் கேட்டார். நாவற்குழியை முழுதாகப் பிரெஞ்சில் சொல்லியது அன்றுதான் முதல் தடவை.