டியூ முடிந்த வண்டி

எங்கள் வீட்டு பிக்கப் 2001 மாடல். அப்பா வாங்கும்போதே அது இரண்டு கை மாறிய வண்டி. "இன்னுமா இதை ஓட்டுற, தள்ளிவிட்டுட்டுப் புதுசா ஒண்ணு எடு தம்பி" என்று வருஷத்துக்கு நாலு பேராவது சொல்லிவிடுகிறார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். நடுரோட்டில் நின்று பதில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் "பார்ப்போம்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஓட்டம் குறைவு, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகள் போய் வந்தாலும் மண்டபம், பாம்பன் பக்கம் பாதி லோடுகூடக் கிடைக்காது. படகெல்லாம் கரையேறி மராமத்துப் பார்க்கிற இதே நாட்களில்தான் மீன் வண்டி வைத்திருக்கிற நாங்களும் வண்டியைப் பிரிப்போம். பின்பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு, அடியில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு, சின்னச் சுத்தியலால் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை ஓரம் ஓரமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு 'ணங்' என்று பேசும். துரு தின்ற இடம், மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்தாலும், 'பொத்' என்று சத்தத்தை விழுங்கிவிடும். அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். அப்புறம் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புது இரும்பு வைத்து வெல்டிங். இந்த வருஷம் ஐந்து வட்டம்.

கடற்காற்றில் இருக்கிற உப்பு மட்டும் காரணமில்லை. மீன் பெட்டியில் ஐஸ் கரைந்து வடிகிற தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கி, சேசிஸ் மடிப்பில் தேங்கி, பகல் வெயிலில் காய்ந்து உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். ராத்திரி ஈரக்காற்று பட்டதும் அந்த உப்பு மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டி சும்மா நின்றாலும் துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் லோடு இறக்கிய கையோடு நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் எப்படி வருகிறது என்று ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி அம்மா தள்ளி வந்த தண்ணீரில் ஒரு குடத்தை எடுத்து நான் வண்டிக்கடியில் அடித்துவிட்டேன். "குடிக்கிற தண்ணியைக் கொண்டுபோய்ச் சக்கரத்துக்கு ஊத்துறியேடா" என்றவள் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாளிலிருந்து துணி அலசிய தண்ணீரை வாளியில் எடுத்து வண்டிப் பக்கத்தில் அவளே வைத்துவிடுகிறாள். கழுவிக் காய்ந்த பிறகு பழைய இன்ஜின் ஆயிலைப் பிரஷ்ஷால் அடிப்பக்கம் பூசிவிடுவேன். பிரேக் பக்கம் மட்டும் ஒரு சொட்டுப் படக்கூடாது.

இத்தனை பாடுபட்டு எதற்கு வைத்திருக்க வேண்டும்? எனக்கு அது புரிந்தது ஒரு ராத்திரியில்.

மூன்று வருஷம் இருக்கும். தூத்துக்குடிக்கு நண்டு லோடு. ஏர்வாடி விலக்கு தாண்டி, சாயல்குடி வருவதற்கு முன்னால், இரண்டு பக்கமும் பனையும் சீமைக் கருவேலமும் தவிர ஒன்றுமில்லாத இடத்தில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. மணி இரண்டரை. டீசல் தீர்ந்திருந்தது, டீசல் அளவு காட்டுகிற முள்ளை நம்பியது என் தப்பு. கேனில் இருந்த ஐந்து லிட்டரை ஊற்றிவிட்டு எவ்வளவு செல்ஃப் அடித்தும் எழும்பவில்லை. டீசல் இன்ஜின் காலியாகி நின்றால் அப்படித்தான், குழாயில் காற்று புகுந்துவிடும், காற்று உள்ளே அமுங்கிக்கொண்டே இருக்குமே தவிர டீசலை முன்னால் போகவிடாது. மெக்கானிக் அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். தூக்கக் குரலிலேயே சொன்னார்: "ஃபில்டர் மேல சின்ன போல்ட்டு இருக்கும் பாரு, லேசா லூஸ் பண்ணு, முழுசாக் கழட்டிறாத. கைப்பம்ப்பை அடி. நுரை வரும். நுரை நிக்கிற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இரு, அவசரப்படாத."

செல்ஃபோன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு அடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகப் பொங்கியது. பின்பு பெரிய பெரிய குமிழி, இடையிடையே 'புஸ்' என்று ஒரு சத்தம். கட்டைவிரல் வலித்து மரத்துப்போன நேரத்தில் குமிழியே இல்லாத டீசல் தெளிவாக விரல் வழியே இறங்கி மணிக்கட்டு வரை ஓடியது. போல்ட்டை இறுக்கிச் செல்ஃப் அடித்ததும் முதலில் ஒரு சிலிண்டர் மட்டும் 'டக்... டக்...' என்று எழுந்து, பின்னால் மற்ற மூன்றும் அதோடு சேர்ந்துகொண்டன. ஐஸ் கரைவதற்குள் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தேன். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயருக்கு மாறி நாளாகியிருந்தது, ஆனால் அந்த ராத்திரிதான் வண்டி எனக்குச் சொந்தமானது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களை யாரும் கஞ்சன் என்று நினைக்க வேண்டாம். நட்டும் போல்ட்டும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிற ஒரு பொருளோடு வருகிற நெருக்கம் இது. 2020 ஏப்ரலிலிருந்து விற்கிற புது வண்டிகள் எல்லாம் பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வருபவை. புகை குறைவு, அது நல்லது, ஏற்றத்தில் என் வண்டி விடுகிற கரும்புகை எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் டீசல் பீய்ச்சுவதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர், அதற்குச் சென்சார்கள். விளக்கு எரிந்தால் ஸ்கேனர் மாட்டித்தான் என்ன நோவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். என் வண்டியில் எது கோளாறானாலும் முதலில் காது சொல்லும், அப்புறம் மூக்கு.

இன்னொன்று டியூ, வண்டிக் கடனுக்கு மாதாமாதம் கட்டுகிற தவணை. கடலுக்குத் தடை போட்டாலும் டியூவுக்குத் தடை கிடையாது. புயல் கூண்டு ஏற்றி, கடலுக்குப் போகப் படகுக்கு அனுமதி டோக்கன் கொடுக்காத வாரத்திலும் தேதி வந்தால் கட்டித்தான் ஆக வேண்டும். புது வண்டி எடுத்த என் கூட்டாளி அந்த இரண்டு மாதமும் கருவேலங்கரி மூட்டை, உப்பு மூட்டை என்று எந்த லோடு கிடைத்தாலும் ராப்பகலாக ஓடுகிறான், கண்ணெல்லாம் சிவந்துபோய். டியூ முடிந்த வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுத் தூங்குகிற தூக்கம் வேறு. யாராவது வந்து பந்தல் சாமான் ஏற்றணும், வத்தல் மூட்டை கமிஷன் கடைக்குப் போகணும், சாவியைக் கொடு தம்பி என்றால் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிடலாம். கீறல் விழுமோ என்று பின்னாலேயே ஓட வேண்டாம். பின்கதவில் ஒரு குழி இருக்கிறது, அப்பா நங்கூரம் ஏற்றும்போது கை நழுவி விழுந்தது. பட்டி பார்த்து அடைக்க இன்றைக்கும் எனக்கு மனசு வரவில்லை.

இந்தக் கரையில் வண்டிப் பித்துக்குப் பெரிய சாட்சி தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் ஊரும் தண்டவாளமும் போன பிறகு, 2017-இல் அரிச்சல்முனைக்குத் தார்ரோடு திறக்கும்வரை, முகுந்தராயர் சத்திரத்துக்கு அந்தப் பக்கம் மணலில் போய் வந்தவை பழைய ஜீப்பும் வேனும்தான். எங்கள் பெரியப்பா அங்கே ஓட்டியவர். டயரில் காற்றைக் குறை, இரண்டாவது கியரிலேயே போ, பிரேக்கைத் தொடாதே, திரும்பணும்னா அகலமாகத் திரும்பு என்பார். கறுத்த ஈர மணல் தாங்கும், வெளுத்த மணல் இழுக்கும், ஆனால் மேலே காய்ந்து அடியில் சேறாக இருக்கிற இடத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஸ்டீயரிங் கையில் லேசாகிவிடும், அந்த நொடியில் காலை எடுத்தால் வண்டி உட்கார்ந்துவிடும் என்பார். அவ்வளவையும் அந்த வண்டி அவருக்குக் கை வழியாகச் சொல்லியிருக்கிறது. தார்ரோடு வந்து அந்த வண்டிகளுக்கு வேலை போனது. பெரியப்பா தன்னுடையதை விற்கவில்லை.

ஆசை இருக்கிறது என்பதற்காக எதையும் விட்டுவிடவும் கூடாது. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷாவருஷம் எஃப்.சி., அதாவது ஓடத் தகுதி உண்டா என்ற சோதனை, காட்ட வேண்டும். காட்டுவதற்காக மட்டும் பெயிண்ட் அடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. டயரிலும் பிரேக்கிலும் காசு மிச்சம் பிடிப்பவன் வண்டியை நேசிக்கிறேன் என்று சொல்லக்கூடாது.

ஐந்து வட்டத்தில் மூன்று வெல்டிங் முடிந்துவிட்டது. இன்று காலையில் பெரியப்பா வந்தார். என் கையிலிருந்த சுத்தியலை வாங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே படுத்து, தானே ஒருமுறை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டு போனார். பின்சக்கரத்துக்கு மேலே, நான் இரண்டு தடவை தட்டியும் விட்டுப்போன ஓர் இடத்தில் கை நின்றது. மறுபடி ஒருமுறை தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். சாக்பீஸ் எடுத்து ஆறாவது வட்டம் போட்டேன்.