மகளின் பிரஜாவுரிமைக்காக மூன்று தடவை கொழும்புப் பயணம்

போன வாரம்தான் மகளுக்கு அடையாள அட்டை கைக்கு வந்தது. தமிழ்நாட்டு முகாமில் 2001இல் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு கடிதத்தைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

1977 இனக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தை (வரிசை வீட்டை) விட்டு வவுனியாவுக்கு ஓடினோம். 1990இல் தலைமன்னாரிலிருந்து படகில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். 2013இல் திரும்பி, பொகவந்தலாவையில் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டோம். மலையகத்தில் பல வீடுகளில் இதே கதைதான்.

வம்சாவளிப் பிரஜையாக, அதாவது இலங்கைப் பிரஜையின் பிள்ளை என்ற முறையில், அவளைப் பதிய கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களத்துக்குப் போனேன். என் பிறப்புச் சான்றிதழில் ராமையா. அவளுடைய இந்தியச் சான்றிதழில் அப்பா பெயர் மு. இராமையா. ஆங்கிலத்தில் ஒன்றில் கடைசியில் எச் இருக்கிறது, மற்றதில் இல்லை. "இது வேற ஆள்" என்று கோப்பைத் தள்ளிவிட்டார் கவுண்டரில் இருந்தவர். இரவு பஸ், ஒரு நாள் சம்பளம், எல்லாம் வீண். சமாதான நீதவானிடம் "இருவரும் ஒருவரே" என்று சத்தியக்கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) எடுத்தேன்.

இரண்டாம் தடவை என் அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் கேட்டார்கள். போட்டோ கொப்பி செல்லாதாம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்களே, இலங்கை என்று எழுதப்பட்டவர்களில் அப்பா ஒருவர். அந்தப் பத்திரத்தை அம்மா பால்மா டின்னுக்குள் வைத்துப் படகில் கொண்டுபோய், திரும்பவும் கொண்டுவந்தார். மடிப்பு கிழிந்து, ஓரமெல்லாம் உப்புக் கறை. மூன்றாம் தடவை அந்த டின்னோடுதான் போனேன்.

நடுவில் பொலிஸ் விசாரணை. விசாரிக்கட்டும், அதில் எனக்குக் கோபமில்லை. இத்தனை வருட யுத்தத்தையும் 2019 ஈஸ்டர் குண்டுகளையும் பார்த்த நாடு, கடல் தாண்டி வருபவன் யாரென்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் பொலிஸின் உளவுப் பிரிவான க்யூ பிராஞ்ச் விசாரித்த பிறகுதான் எக்சிட் பெர்மிட் (இந்தியாவை விட்டு வெளியேறும் அனுமதி) கிடைத்தது. விமான நிலையத்தில் நம்மவர்கள் விசாரித்தார்கள். ஊருக்கு வந்ததும் ஒரு தடவை. இப்போது நாலாவதாக, மகளைத் தனியாக உட்காரவைத்து: "அப்பா இயக்கத்தில இருந்தாரா?" நாங்கள் படகேறியபோது அவள் பிறக்கவேயில்லை. வெளியே வந்து அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நெஞ்சில் நிற்கிறது. ஒரு கந்தோர் எழுதியதை அடுத்த கந்தோர் எடுத்துப் படித்தால் பாதுகாப்புக்கு என்ன குறை வந்துவிடும்? அந்தப் பிள்ளை குற்றவாளி மாதிரி நின்றிருக்க வேண்டியதில்லையே.

மகளின் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்த பிறகு அடையாள அட்டைக்குச் சிக்கலே இல்லை, கிராம சேவகர் உடனே கையெழுத்துப் போட்டார்.

முகாமிலிருந்து வர நினைக்கிறவர்களே, விமானம் ஏறுமுன் சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்திலேயே பிள்ளைகளின் பிறப்பையும் பிரஜாவுரிமையையும் பதிந்துவிடுங்கள். பெயரின் எழுத்துகளை எல்லாப் பத்திரத்திலும் ஒத்துப் பாருங்கள். எக்சிட் பெர்மிட்டை எறிந்துவிடாதீர்கள். மூலப் பத்திரங்களை லமினேட் பண்ணாதீர்கள். என் மகளின் சான்றிதழைப் பண்ணியிருந்தேன், அதற்கே தனியாக ஒரு பேச்சு வாங்கினேன்.