பதினாறாம் நாளுக்குப் பிறகு

அப்பா இறந்து ஒரு வருடம் முடிந்து, தலைதிவசமும் கொடுத்தாகிவிட்டது. இந்த ஒரு வருடத்தை நானும் அம்மாவும் தம்பியும் எப்படிக் கடந்தோம் என்று எழுதிவைக்கத் தோன்றுகிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் "மனசைத் தேத்திக்க கண்ணு" என்பார்கள். எப்படித் தேற்றிக்கொள்வது என்று யாரும் சொல்வதில்லை. எனக்குப் புரிந்தவரை, போனவருக்காகச் செய்ய ஏதாவது வேலை இருந்தவரை எங்களால் தாங்க முடிந்தது. வேலை தீர்ந்த இடத்தில்தான் உடைந்துபோனோம்.

கோபி பக்கம் ஒரு சிறிய ஊர் எங்களுடையது. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விடிகாலையில் மாரடைப்பு, வீட்டிலேயே முடிந்துவிட்டது. அன்று காலை என்னென்ன நடந்தது என்று எனக்கு இன்றும் வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அத்தை வந்து இறங்கியது நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவின் தங்கை. வாசலிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார். "மலையெறங்கி நடந்துவந்து மக பொறந்த சேதி கேட்ட எம்பொறப்பே" என்று ஒரு அடி பாடினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பா அப்போது பர்கூர் மலையில் ஒரு பள்ளியில் வேலை பார்த்திருக்கிறார். அத்தைக்குப் பிரசவ வலி எடுத்த அன்று மழையில் பஸ் நின்றுபோக, அந்தியூருக்கு நடந்தே இறங்கி வந்திருக்கிறார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட இதை எங்களிடம் அவர் சொன்னதில்லை. ஒப்பாரி என்றால் அழுகைக்கு ஒரு மெட்டு, அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். போனவரின் வாழ்க்கையை நாலு பேர் கேட்கச் சத்தமாகச் சொல்லிவிடுவதுதான் அது. கூட்டமாக உட்கார்ந்து அழுவதை நாகரிகக் குறைவு என்று நிறுத்திவிட்ட வீடுகளைப் பார்க்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பதினாறு நாளும் யாராவது ஒருவர் வந்துகொண்டே இருந்தார்கள். பவானி கூடுதுறையில் தம்பி அஸ்தியைக் கரைத்தான். காரியம் முடிந்து பந்தல் பிரித்ததும் வீடு காலியாகிவிட்டது. தம்பிக்குக் கத்தாரில் வேலை, விடுப்பு முடிந்து கிளம்பிவிட்டான். நானும் அம்மாவும் மட்டும் மிச்சம். அதன் பிறகு அலுவலகம் அலுவலகமாக நாங்கள் அலைந்த அலைச்சல் எங்களைக் காப்பாற்றும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

முதலில் இறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை. 30 நாள் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு என்று சிக்கல் கூடிக்கொண்டே போகும். வீட்டில் இறந்தால், பார்த்த டாக்டரிடம் இறப்புக்கான காரணத்தை எழுதி வாங்க வேண்டும். பெயரும் இனிஷியலும் ஆதார், வங்கிக் கணக்கு, ஓய்வூதியப் புத்தகம் மூன்றிலும் இருப்பது போலவே இருக்கின்றனவா என்று பதியும்போதே பார்த்துவிடுங்கள். சான்றிதழில் ஒரு எழுத்து மாறினால் பின்னால் ஒவ்வொரு இடத்திலும் அது நம்மை நிறுத்தும். அடுத்தது வாரிசு சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு தாசில்தார் தருவார். மனைவி, பிள்ளைகள் மட்டும்தான் வாரிசு என்று பலர் எண்ணுகிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவரும் வாரிசுதான்.

விசாரணைக்கு வந்தவர் "இறந்தவருக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டபோது அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில் தானாகப் பேச ஆரம்பித்தார். பெண் பார்க்க வந்த அன்று அப்பா காபியைக் குடிக்காமல் ஆற வைத்துவிட்டு எதைப் பற்றியோ பேசிக்கொண்டே இருந்தாராம். வீட்டில் உட்கார்ந்து பேசச் சொன்னால் அம்மா வாயே திறக்க மாட்டார். பஸ்ஸில், வரிசையில், ஜெராக்ஸ் கடை வாசலில் பேசினார். பிறகு ஒவ்வொரு அலுவலகத்துக்கும் வேண்டுமென்றே பஸ்ஸிலேயே கூட்டிப்போனேன்.

கருவூலத்தில்தான் அம்மா நன்றாக அழுதார். குடும்ப ஓய்வூதியத்துக்கு அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். அதில் இருவரும் சேர்ந்து எடுத்த படம் ஒட்டியிருக்கும். அப்பா ஓய்வு பெற்ற வருடம் எடுத்தது. ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க ஆண்டுதோறும் நடக்கும் நேர்காணலுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போய்வருவார்கள். அங்கிருந்த பெண் ஊழியர் ஒன்றும் சொல்லாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்பாவின் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், அதன் மேல் அகவிலைப்படி என்று அம்மாவிடமே கணக்குச் சொன்னார். என்னிடம் சொல்லாமல் அம்மாவிடம் சொன்னாரே, அதில் அம்மா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

இந்த நாட்களில் உறவுக்காரர் ஒருவர் துக்கத்தின் ஐந்து நிலைகள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினார். மறுப்பு, கோபம் என்று வரிசையாகப் போகும் பட்டியல். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. பின்னால்தான் அது இழந்தவர்களுக்கும் பொருத்தப்பட்டது. எங்கள் வீட்டில் அப்படி எதுவும் வரிசையாக வரவில்லை. ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் சொன்னதுதான் எங்களுக்குப் பொருந்தியது. துக்கத்தில் இருப்பவர் கொஞ்ச நேரம் இழப்புக்குள் போவார், கொஞ்ச நேரம் அன்றாட வேலைக்கு வருவார், இப்படிப் போய்வந்துகொண்டே இருப்பதுதான் இயல்பு என்கிறார்கள் அவர்கள். காலையில் கதறி அழுத அம்மா மதியம் கேஸ் புத்தகத்தில் பெயர் மாற்றுவது பற்றிக் கேட்டபோது, அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அதில் தவறு எதுவும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் என்னைப் பயமுறுத்தியது. மாலையானால் அம்மா வாசலைப் பார்த்து, "அவங்க கேட்டைத் தொறக்கற சத்தம் கேட்டுச்சு கண்ணு" என்பார். தூக்கமும் சரியில்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். சாப்பிடுகிறாரா, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்பதையெல்லாம் நேராகவே விசாரித்தார். பிறகு, வேல்ஸ் நாட்டில் டாக்டர் ரீஸ் என்பவர் 1971-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னார். துணையை இழந்த 293 பேரிடம் பேசியதில் ஏறக்குறைய பாதிப் பேர், போனவர் ஏதோ ஒரு விதத்தில் இன்னும் கூட இருப்பது போல உணர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்குக் குரலும் கேட்டிருக்கிறது. பலர் அதை வெளியே சொன்னதே இல்லையாம். "உங்களுக்குப் பைத்தியம் ஒண்ணும் இல்லைங்கம்மா, நாப்பது வருசம் கேட்ட சத்தம்" என்றார் டாக்டர். அம்மா சிரித்தார். அப்பா போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் கொஞ்சமும் குறையாமல் அன்றாட வாழ்க்கையே நின்றுபோனால் அதற்குச் சிகிச்சை தேவை என்றும் டாக்டர் சொல்லி அனுப்பினார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் வைத்திருக்கும் கணக்கு அது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பெரியவர்களுக்கு 12 மாதம். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் மாதக் கணக்கெல்லாம் பார்க்கவே கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்தால் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அம்மாவைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது உடைந்தது தம்பி. தீபாவளி சமயத்தில் ஒரு ராத்திரி கூப்பிட்டான். "அக்கா, இங்க ஒருத்தருக்கும் அப்பாவைத் தெரியாது. ஆருகிட்டப் பேசறது?" என்றான். எங்களுக்கு வரிசையில் நிற்கவும் பஸ்ஸில் பேசவும் வாய்த்தது. அவனுக்கு நேராக வேலை, அறை, வேலை. அவனுக்கும் அப்பாவுக்கான வேலையைக் கொடுத்தேன். ரேஷன் கார்டில் அப்பா பெயரை நீக்கி அம்மாவைக் குடும்பத் தலைவராக மாற்ற ஆன்லைனில் அவனே விண்ணப்பித்தான். அப்பாவின் பழைய டைரியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினேன். அதிலிருந்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்து அப்பா இறந்த சேதியைச் சொன்னான். பாதி நம்பர்கள் உபயோகத்தில் இல்லை. எடுத்தவர்களோ எளிதில் விடவில்லை. கூட வேலை பார்த்தவர்கள், படித்த பிள்ளைகள், யார் யாரோ. ஒவ்வொருவரும் ஒரு கதை சொன்னார்கள். மறுநாள் அவன் என்னிடம் சொல்வான், நான் அம்மாவிடம் சொல்வேன். பர்கூரில் அப்பாவிடம் படித்த ஒருவர், அப்பா மலையிறங்கிய அந்த நாளைப் பற்றித் தம்பியிடம் தானாகவே சொல்லியிருக்கிறார். அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னதும் அவர் திரும்ப ஒருமுறை அந்த அடியைப் பாடிக் காட்டினார்.

இப்போது அம்மா தனியாகவே வங்கிக்குப் போய்வருகிறார். நேர்காணலுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுகிறார். கேட் சத்தம் எப்போதாவது கேட்கிறதாம், பயமில்லை என்கிறார். பட்டா மாறுதல் இன்னும் பாக்கி. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியிருப்பதால் தம்பி பொங்கலுக்கு வரும்வரை தள்ளிவைத்திருக்கிறோம். தாலுகா அலுவலகத்துக்கு மூன்று பேரும் பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று அவன் இப்போதே சொல்லிவிட்டான்.