சார்வாள்: பதினாறு நாள்

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

விடியும் முன்னே தம்பி போன் பண்ணினான். "சார்வாள் போயிட்டாவ." பேரைச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். ஊரில் வாத்தியார்கள் எத்தனையோ பேர் இருந்தாலும் எங்கள் தெருவுக்குச் சார்வாள் என்றால் அந்தத் தமிழையா ஒருவர்தான்.

மாட்டுத்தாவணியில் ஏறி நெல்லையில் இறங்கி, முக்கூடல் பஸ் பிடித்தேன். வழி நெடுக பிசான நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது. ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை சொளகுகள், பீடி சுற்ற மடியில் வைத்துக்கொள்ளும் முறங்கள். எல்லா வீட்டுத் திண்ணையிலும் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். ஒருத்தி மடியிலும் பீடி இலை இல்லை. ஒரு நாள் சுற்றாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. பந்த் அன்றைக்குக்கூட ஓயாத கைகள் அவை.

நீர்மாலை எடுத்து வந்தார்கள், கொட்டு முழங்கியது, தூக்கினார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டோம். இந்த வழக்கம் எனக்குப் பிடிக்காது. இன்றைக்கு அதற்காகச் சண்டை போடத் தெம்பில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

துட்டி கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தார்சாவில் பாய் விரித்து, வருகிறவர்களுக்கெல்லாம் கருப்பட்டிக் காப்பி. கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் சார்வாள் வீட்டுக்காரி ஆச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அழுது முடித்துவிட்டிருந்தாள். நான் கேட்காமலே பேச ஆரம்பித்தாள்.

"நாப்பது வருசமா நான் சுடுசோறு தின்னதில்ல பிள்ள. சோத்தப் போடு, இந்தா வாரேன்னுவாவ. அதுக்குள்ள எவளாவது பாஸ்புக்கத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பா. மனு எழுதி முடிச்சு வாரதுக்குள்ள சோறு பச்சத் தண்ணியாயிரும். அவுக சாப்பிடாம நான் எப்படிச் சாப்பிட?"

குறைதான் சொன்னாள். ஆனாலும் அந்தத் தட்டு இப்போதும் அவள் முன்னால் இருக்கிற மாதிரிக் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

பிறகு உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்து நோட்டுகளை எடுத்து வந்தாள். மேலே கிடந்தது வீட்டுக் கணக்கு. இலை, விலை, எல்லாம் பழைய எழுத்தில். 'லை'க்கு முன்னால் இரட்டைச் சுழிக்குப் பதில் யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்த கோடு. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து பதின்மூன்று எழுத்துகள் மாறின: ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், ணை, லை, ளை, னை. ஆணை வந்த பிறகு சார்வாள் கரும்பலகையில் ஒரு துதிக்கைகூடப் போட்டதில்லை. எங்கள் நோட்டில் பழைய 'லை' தப்பித்தவறி வந்தால் சிவப்பு மையில் வட்டம் போடுவார். வீட்டில் மட்டும் ஏன் இப்படி?

"அத்தைக்காக," என்றாள் ஆச்சி. மாமியார் திண்ணைப் பள்ளியில் படித்தவள். புது எழுத்தைக் காட்டினால், "யானைக்குத் துதிக்கைய வெட்டிட்டாவளே, இனி அது எப்படித் தண்ணி குடிக்கும்?" என்று சத்தம் போடுவாளாம். அவள் தினமும் படிக்கிற ஒரே புத்தகம் மகன் எழுதும் வீட்டுக் கணக்குதான். அதனால் மகன் பழைய எழுத்திலேயே எழுதினார். கடைசி ஆறு வருஷம் அவள் படுக்கையில் கிடந்தாள். காலையில் பள்ளிக்குப் போகும் முன் தண்ணீர் விளாவிக் குளிப்பாட்டி, துணி அலசிப் போட்டுவிட்டுத்தான் சார்வாள் சைக்கிளை எடுப்பார். "என்னைய விடல. உனக்கு அடுப்பு வேல இருக்குன்னுட்டாவ," என்றாள் ஆச்சி. மாமியார் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நோட்டில் துதிக்கை போன மாதம் வரை இருக்கிறது.

அடியில் இன்னொரு நோட்டு. கட்டம் போட்டு மூன்று பத்தி: 'பாஸ்புக்கில்', 'ரேஷன் கார்டில்', 'கூப்பிடுவது'. ஊர்ப் பெண்கள் நூற்றுக்கு மேல் இருப்பார்கள். என் அம்மையின் வரியைத் தேடிப் பார்த்தேன். முதல் இரண்டு பத்தியிலும் இரண்டு விதமான பெயர். மூன்றாவதில் என் தாத்தாவைத் தவிர யாரும் கூப்பிடாத ஒரு செல்லப் பேர்.

பிப்ரவரி 6, வியாழன்

மதுரை. வங்கியில் இன்று மூன்று விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பினேன். பெயர் ஆதாரோடு பொருந்தவில்லை. என் வேலையே இதுதான். மூன்றாவதைத் திருப்பும்போது அந்த நோட்டு நினைவுக்கு வந்தது. வந்தும் திருப்பித்தான் அனுப்பினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. எழுதி வைக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு. வினைத்தொகை நடத்தினார். ஊறுகாய்: ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். காலம் காட்டும் எழுத்து ஒளிந்துகொள்ளும், மூன்று காலமும் உள்ளே இருக்கும் என்றார். ஆளுக்கு ஓர் எடுத்துக்காட்டு எழுதச் சொன்னார். நான் எழுதியது 'சுற்றுப்பீடி'. அன்று காலையில் அம்மைக்கு இலை நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்த விரல்கள் வேறு எதை எழுதும்?

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "சுற்றிய பீடி, சுற்றுகின்ற பீடி, சுற்றும் பீடி. சரிதான். உங்க அம்மை கையில மூணு காலமும் இருக்குலா?" என்றார். ஆனால் அரை மதிப்பெண்தான் போட்டார். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'ப்' வந்திருக்கக் கூடாது. அந்த அரை மதிப்பெண்ணுக்காக நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை என்பதில் இன்னும் கோபம்.

எங்கள் பக்கம் 'வாழைப்பழம்' என்று யாரும் சொல்வதில்லை, 'வாளப்பளம்'தான். அதற்காக ஒரு பிள்ளையையும் அவர் கேலி பண்ணியதில்லை. வாய்க்கு ஒரு சட்டம், பேனாவுக்கு ஒரு சட்டம் என்பார். பேனாவுக்கான சட்டம் கடுமையானது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நெல்லைக்கு வந்தது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அம்மன் கோயில் முன்னால் வகுப்பு. பீடி சுற்றும் பெண்கள் சொளகோடு வருவார்கள். கண் பலகையில், கை இலையில். சார்வாள் முதலில் 'அ' சொல்லிக்கொடுக்கவில்லை. கிராம், கட்டு, ஆயிரம், கழிவு என்ற சொற்களைத்தான் எழுதிப் போட்டார். பீடிக்கடையில் இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள். சுற்றிக் கொண்டுபோனால் சிலதைக் கழித்துப் போட்டு, மிச்சத்துக்குக் கூலி. எவ்வளவு நிறுத்தான், எவ்வளவு கழித்தான், பாஸ்புக்கில் என்ன எழுதினான் என்று பார்க்கத் தெரியாதவரை கணக்கு எழுதுகிறவன் வைத்ததுதான் கணக்கு. நாலு மாதம் போன பிறகு என் அம்மை ஒரு நாள் கடையில் நின்று, "இருநூறு கழிவுன்னு எழுதிருக்கியள, காட்டுங்க பாப்போம்," என்றாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பீடி அவ்வளவாகக் கழியவில்லை.

அதோடு விடவில்லை. பீடித் தொழிலுக்கு 1977-லேயே பி.எஃப். வந்துவிட்டது. காசு பிடித்தார்கள். வாங்கப் போனால்தான் சிக்கல். கடைக்காரன் தன் காதில் விழுந்தபடி பேரை எழுதியிருப்பான். ரேஷன் கார்டு எழுதியவன் தன் காதில் விழுந்தபடி. ஒரு கொம்பு, ஒரு புள்ளி மாறினால் பணம் நின்றுவிடும். அதற்குத்தான் அந்த மூன்று பத்தி நோட்டு. பரீட்சைத் தாளில் ஒற்றுப்பிழைக்கு அரை மதிப்பெண் வெட்டுகிற அதே கை, மனுவில் பிழையான பேரைப் பிழை மாறாமல் எழுதும். கூலி வாங்கமாட்டார். வாசலில் முருங்கைக்காயை வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

பதினாறுக்கு லீவு கேட்டேன். "சொந்தமா?" என்றார் மேலாளர். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பதினாறு முடிந்தது. அவியலும் பருப்புப் பாயசமும். ஆச்சியை முதல் பந்தியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். சோறு ஆவி பறந்தது. அவள் ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் கையை வைக்காமல் இருந்தாள்.

நாலு மணி பஸ்ஸுக்குப் பையை எடுக்கையில் மேலத்தெருப் பெரியம்மை வந்தாள், கையில் பாஸ்புக். "நீ பேங்குலதான இருக்க. ஒரு மனு எழுதிக் குடு." பாஸ்புக்கில் 'லெட்சுமி', ஆதாரில் 'லட்சுமி', இரண்டும் நான்தான் என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். தார்சாவில் உட்கார்ந்து, சார்வாளின் பலகையை மடியில் வைத்து, பத்தே நிமிஷத்தில் எழுதி நீட்டினேன். கையெழுத்துப் போடுங்கள் என்றேன்.

பெரியம்மை போடவில்லை. இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டே வந்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"ரெண்டு எடத்துலயும் ஒண்ணு போலல்லா எழுதிருக்க," என்றாள். "லெ-க்குக் கொம்ப எங்க?"

வேறு தாள் எடுத்தேன். நாலு மணி பஸ் போய்விட்டது.